அரூப ஓவியம் எங்கிருந்து வருகிறது? கண்காட்சிகளில் அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

ஓவியக் கண்காட்சிக்கு யாரையாவது அழைத்துப் போனால், உருவங்கள் இருக்கும் சுவர்வரை பேச்சு கலகலப்பாகப் போகும். உருவமே இல்லாத படத்தின் முன்னால் வந்ததும் குரல் தணிந்துவிடும். “இதுல என்னங்க இருக்கு?” என்று மெதுவாகக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் இந்திய ஓவியர்கள் அதிகம் வருவார்கள். அவர்கள் எங்கே வளர்ந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்பது நமக்கு எளிதில் பிடிபடும், அதனால்தான்.

ஓவியர் எதையாவது பார்த்துத்தான் வரைகிறாரா, இல்லை மனம்போன போக்கில் தீட்டிவிடுகிறாரா?

பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதுவும் நாம் நினைப்பதைவிடச் சின்னதாக, கையால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்கிறது.

எஸ்.எச்.ரஸாவை எடுத்துக்கொள்வோம். 1922இல் மத்தியப் பிரதேசத்து மண்ட்லா பகுதியில், நர்மதைக் காட்டோரம் பிறந்தவர். அப்பாவுக்கு வனத்துறை வேலை. பையனுக்குப் பள்ளியில் கவனம் நிற்கவில்லை. ஆசிரியர் நந்தலால் ஜாரியா சுவரில் ஒரு புள்ளி வைத்து, மற்றதையெல்லாம் மறந்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிரு என்று உட்காரவைத்தார். பிற்காலத்தில் ரஸாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘பிந்து’, அந்தக் கறுப்பு வட்டம், அந்தச் சுவரிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கதை இதோடு முடிந்திருந்தால் அழகாக இருக்கும். நடந்தது வேறு. 1950இல் அவர் பாரிஸுக்குப் போனார். பிரெஞ்சுக் கிராமத்து வீடுகளையும் தேவாலயங்களையும் கெட்டியான வண்ணத்தில் ஆண்டுக்கணக்காக வரைந்தார். 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பாடம் நடத்தப் போனபோது அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ரோத்கோவின் படங்களை நெருக்கமாகப் பார்த்தார். கோடுகள் தளர்ந்தன, வீடுகள் கரைந்தன. 70களில் அடிக்கடி இந்தியா வந்துபோனார். 1980 வாக்கில்தான் புள்ளி படத்தின் நடுவுக்கு வந்தது. சுவரில் பார்த்ததற்கும் கித்தானில் வைத்ததற்கும் நடுவே ஏறத்தாழ 50 ஆண்டுகள்.

ஆகவே ‘பார்த்து வரைந்தார்’ என்பதும் சரியில்லை, ‘மனம்போன போக்கில் வரைந்தார்’ என்பதும் சரியில்லை. பார்த்தது உள்ளே கிடந்தது. அதை வெளியே எடுக்கும் கையைப் பழக்க அத்தனை காலம் பிடித்தது.

அப்படியானால் பின்கதையைத் தெரிந்துகொண்டால் படம் புரிந்துவிடுமா?

பாதிதான். சில சமயம் பின்கதையே கண்ணை மறைத்துவிடும்.

1911 ஜனவரியில் மியூனிக் நகரில் ஷோன்பெர்க்கின் இசைக் கச்சேரிக்கு ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி போனார். அடுத்த சில நாட்களில் ‘இம்ப்ரெஷன் 3’ என்ற படத்தை வரைந்தார். ‘கச்சேரி’ என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. படத்தின் மேல்பாதியில் ஒரு பெரிய கறுப்பு வடிவம். அது பியானோ என்று யாராவது சொன்ன நிமிடமே, கீழே வளைந்து வளைந்து இருப்பவை பார்வையாளர்களின் தலைகள் என்று நாமே கண்டுபிடித்துவிடுகிறோம். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம்.

படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் மஞ்சள் என்ன ஆனது? அது பியானோவும் இல்லை, ஆளும் இல்லை. கறுப்பை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டு பாய்கிறது. படம் நடப்பதே அங்கேதான். பின்கதை உங்களை வாசல்வரை கொண்டுவிடும். உள்ளே போய் அந்த மஞ்சளுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது உங்கள் பாடு.

நம் ஊரில் இதை விளக்க ராக ஆலாபனையை இழுப்பது வழக்கம்: சொல் இல்லாமலே ரசிக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும் என்பார்கள். ஓரளவுதான் பொருந்தும். தோடி ராகம் எப்படி இருக்கும் என்று அறிந்த ஒரு காது ரசிகருக்கு முன்பே இருக்கிறது. அரூப ஓவியர் ஒவ்வொருவரும் தன் இலக்கணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். அதனால் ஒரே ஓவியரின் நான்கைந்து படங்களைச் சேர்த்துப் பார்த்தால் பிடிபடுவது, ஒற்றைப் படத்தில் பிடிபடுவதில்லை.

கே.சி.எஸ்.பணிக்கரின் படங்களில் இருக்கும் எழுத்துகளை வாசிக்க முடியுமா?

முடியாது. மலையாளம் தெரிந்தவர்களும் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறார்கள். வாசிக்க வேண்டும் என்று அவர் எழுதவும் இல்லை.

சென்னை நவீன ஓவியத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். கேரளத்துத் தென்னைகளையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்துதான் பெயர் வாங்கினார். பிறகு சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வரானார். 1954இல் ஐரோப்பா போய்வந்தார். அதற்குப் பிறகு அவரை ஒரு கேள்வி விடவில்லை. பாரிஸ்காரர்கள் போலவே வரைந்துகொண்டிருந்தால் நமக்கென்று என்ன இருக்கிறது?

விடை ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் இருந்தது. 1963இல் அப்படியொரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண்களும், அல்ஜீப்ரா எழுத்துகளும், ஜியோமெட்ரிக் கோடுகளும் சேர்ந்து தனக்கு ஒரு புது வழியைக் காட்டியதாக அவர் சொல்லியிருக்கிறார். முதலில் ரோமன் எழுத்துகளை வைத்துப் பார்த்தார். பிறகு மலையாள எழுத்துபோல் தோன்றும் வரிகளுக்கு வந்தார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை இப்படித்தான் பிறந்தது.

அந்தப் படங்களில் ஒன்றின் அருகே போய்ப் பாருங்கள். மங்கலான தரைமீது வரிவரியாக எழுத்து ஓடுகிறது, பழைய பத்திரத்தில் எழுதியதுபோல நெருக்கமாக. நடுவில் கட்டங்கள். ஜாதகக் கட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே ஓர் உறுத்தல், எந்தக் கிரகம் எங்கே என்று தேடத் தொடங்கிவிடும். சக்கரம், முக்கோணம், பறவையோ மீனோ என்று சொல்ல முடியாத ஒன்று. எல்லாம் ஏதோ ஒரு முக்கியமான தகவலைச் சொல்வதுபோலவே இருக்கும், ஆனால் ஒரு வார்த்தைகூடக் கிடைக்காது. சோதிடர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கணக்குப் போடுவதைப் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தப் படம் தரும் தவிப்பு தெரிந்ததுதான்.

நோட்டுப் பக்கங்கள் அந்தக் கல்லூரி வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கிடந்திருக்கும். பத்தாண்டுகளாக ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தவர் பார்த்ததால்தான் அந்தப் பக்கம் படமானது. உந்துதல் வானத்திலிருந்து விழுகிறது என்று யாராவது சொன்னால் நான் இந்த நோட்டைத்தான் நினைத்துக்கொள்வேன்.

உருவம் இருக்கிறது, ஆனால் கோணலாக இருக்கிறது. இதுவும் அரூபம்தானா?

இல்லை. உணர்ச்சிக்காக உருவத்தை வளைப்பது வேறு, உருவத்தையே விட்டுவிடுவது வேறு. முதலாவதை எக்ஸ்பிரஷனிசம் என்கிறார்கள். நார்வேக்காரர் எட்வர்ட் மூங்க் அதற்கு முன்னோடி. 5 வயதில் அம்மாவையும், பிறகு அக்கா சோஃபியையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். ‘நோயுற்ற சிறுமி’ என்ற படத்தை 1885இல் தொடங்கி, சுமார் 40 ஆண்டுகளில் 6 முறை வரைந்தார். முதல் படத்தில் ஈர வண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டி மறுபடி பூசிய தழும்புகள் இருக்கின்றன. அந்தக் காலத்து ஆட்கள் முடிக்காத படம் என்று திட்டினார்கள்.

அவருடைய ‘அலறல்’ படத்தின் 1893ஆம் ஆண்டுப் பிரதியில், இடது மேல் மூலையில் பென்சிலில் மிகச் சிறிதாக ஒரு வரி இருக்கிறது: ஒரு பைத்தியக்காரனால்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று. யாரோ குறும்புக்காரர் கிறுக்கியது என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அது மூங்கின் கையெழுத்துதான் என்று நார்வே தேசிய அருங்காட்சியகம் 2021இல் உறுதிசெய்தது. தன் படத்தைப் பார்த்து ஊர் சொன்னதை அவரே அதன்மேல் எழுதிவைத்துவிட்டார்.

துயரம் இருந்தால்தான் நல்ல படம் வருமா?

மூங்கைப் பற்றிச் சொன்ன கையோடு இந்தக் கேள்வி வந்துவிடும். அப்படி இல்லை என்றே சொல்வேன். மார்க் ரோத்கோ 1970இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதிலிருந்து பின்னோக்கிப் போய், அவருடைய இருண்ட படங்களையெல்லாம் அந்த முடிவுக்கான முன்னறிவிப்பாகப் படிக்கிறார்கள். நியூயார்க்கின் சீகிரம் கட்டடத்து உணவகத்துக்காக 1958இல் அவர் தொடங்கிய கருஞ்சிவப்புப் படங்களுக்குத் தூண்டுதல் எது என்று அவரே சொல்லியிருக்கிறார்: ஃப்ளாரன்ஸ் நகரில் மைக்கேலாஞ்சலோ கட்டிய நூலகத்தின் முன்கூடம். அங்கே சுவர் முழுக்க ஜன்னல்கள், எல்லாமே அடைத்தவை. உள்ளே வந்தவர் மாட்டிக்கொண்டதாக உணர வேண்டும். ஒரு கட்டடம் தந்த யோசனை அது. (அந்தப் படங்களை உணவகத்துக்குக் கொடுக்க அவர் கடைசியில் மறுத்துவிட்டு, வாங்கிய பணத்தையும் திருப்பித் தந்துவிட்டார்.) இன்னொன்று, 1969இலேயே வெளிர்நீலமும் ரோஜா நிறமுமாகத் தாளில் சில படங்கள் வரைந்திருக்கிறார். ‘இருட்டை நோக்கிய பயணம்’ என்று கதை கட்டுகிறவர்கள் அவற்றை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

“இதை என் பிள்ளைகூட வரைவானே?”

கேட்பதில் தப்பில்லை. பாஸ்டன் கல்லூரி உளவியலாளர்கள் இதையே சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். ஓவியர் வரைந்த அரூபப் படம் ஒன்றையும், குழந்தையோ குரங்கோ யானையோ தீட்டிய படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேல் என்று கேட்டார்கள். ஓவியம் படிக்காதவர்கள்கூட, குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைப்பதைவிட அதிக முறை ஓவியரின் படத்தையே தேர்ந்தார்கள். எப்போதும் இல்லை, ஆனால் அடிக்கடி. அதனால் உங்கள் பிள்ளையின் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் இருப்பதையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

கோட்டோவியத்தில் அவ்வளவு தேர்ந்த ஆதிமூலம் ஏன் அரூபத்துக்குப் போனார்?

தமிழ் வாசகர்கள் ஆதங்கத்தோடு கேட்கும் கேள்வி. கே.எம்.ஆதிமூலம் 1938இல் திருச்சி பக்கத்துக் கீராம்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி வரிசை, சிறுபத்திரிகை அட்டைகள், தலைப்பெழுத்துகள், கி.ராஜநாராயணனின் கரிசல் கட்டுரைகளுக்கு ஜூனியர் விகடனில் வந்த படங்கள் என்று இவற்றால்தான் நம் வீடுகளுக்குள் வந்தார். அப்புறம் திடீரென்று உருவமே இல்லாத தைல வண்ணப் படங்கள். ‘நம்மை விட்டுப் போய்விட்டார்’ என்று சிலருக்குத் தோன்றியது.

நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் வரைந்த காந்தியின் மேல்துண்டை மட்டும் கிட்டத்தில் பாருங்கள். மடிப்பு, நிழல் எல்லாம் மெல்லிய கோடுகளின் நெரிசல்தான். முகத்தைக் கையால் மறைத்துவிட்டால் மிச்சம் இருப்பது உழுத நிலமா, துணியா, மழையா என்று சொல்ல முடியாது. அரூபம் அங்கேயே தொடங்கிவிட்டது. தைல வண்ணத்துக்கு வந்ததும் தட்டைக் கத்தியால் வண்ணத்தை அப்பி இழுக்கிறார். பழுப்பின் மேல் நீலம், அதை முழுக்க மூடாமல் ஓரத்தில் கொஞ்சம் பச்சை. ஒவ்வொரு திட்டின் விளிம்பிலும் அடியில் இருந்த நிறம் எட்டிப்பார்க்கும். இயற்கைதான் அந்தப் படங்களின் ஊற்று: மண், நீர், வெளி. அடிவானக் கோட்டை எடுத்துவிட்ட நிலக்காட்சிகள் என்று வைத்துக்கொண்டு பார்த்தால் வழி திறக்கும்.

ஏன் பல படங்களுக்குத் ‘தலைப்பில்லை’ என்று போடுகிறார்கள்? சோம்பேறித்தனமா?

இந்திய அரூப ஓவியர் வி.எஸ்.காயதோண்டே ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள்தான் வரைவார். மீதி நேரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார். சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் அவர் படத்தின் பரப்பைப் பார்க்க வேண்டும். உருளையால் வண்ணம் உருட்டி, கத்தியால் வழித்து, கிழித்த காகிதத் துண்டுகளை ஒற்றி எடுத்து, அடுக்கடுக்காகக் கட்டியது. ஜென் பௌத்தத்தில் தோய்ந்தவர். தலைப்பு வைத்தால் பார்ப்பவர் தலைப்பைத்தான் பார்ப்பார் என்பது இப்படிப்பட்டவர்களின் கவலை.

நஸ்ரீன் முகமதியும் தலைப்பு வைக்கவில்லை. 1937இல் கராச்சியில் பிறந்து, பரோடாவில் ஆசிரியராக இருந்து, 1990இல் மறைந்தவர். வரைபடக்காரர்களின் கருவிகளை வைத்துக்கொண்டு, தாளில் மசியாலும் பென்சிலாலும் மயிரிழைக் கோடுகள் போட்டவர். உடலசைவையே குலைக்கும் நரம்பு நோய் அவரைப் பிடித்த பிறகும் கோடு நடுங்கவில்லை. அவருடைய நாட்குறிப்புகளிலும் அவர் எடுத்த புகைப்படங்களிலும் கடற்கரையும் பாலைவனமும் தறியின் நூல்வரிசையும் வருகின்றன. படத்தில் அவற்றில் ஒன்றும் இல்லை, இடைவெளி மட்டுமே இருக்கிறது. அதற்கு ‘கடல்’ என்று பெயர் வைத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

புள்ளி, யந்திரம், ஓம் இருந்தால்தான் இந்திய அரூபமா?

60, 70களில் இப்படியொரு அலை அடித்தது. பிரேன் டே, ஜி.ஆர்.சந்தோஷ், சென்னை சோழமண்டலம் ஓவியர் கிராமத்து கே.வி.ஹரிதாசன் போன்றவர்கள் தாந்திரிக வடிவங்களிலிருந்து நல்ல படங்கள் செய்தார்கள். பிறகு அது ஹோட்டல் வரவேற்பறைச் சமாச்சாரமாகிவிட்டது. ரஸாவின் கடைசிக்காலப் பிந்துக்களிலேயே எனக்குச் சலிப்பு தட்டும் படங்கள் உண்டு; 1981இல் அவர் வரைந்த ‘மா’ படத்தில் இருக்கும் தவிப்பு அவற்றில் இல்லை. அம்மா, திரும்பி வரும்போது என்ன கொண்டுவருவேன் என்று கேட்கும் ஓர் இந்திக் கவிதை வரியைப் படத்துக்குள்ளேயே எழுதியிருப்பார். 30 ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவரின் கேள்வி அது. அவருக்குப் புள்ளி சொந்தம். அதைக் கடன் வாங்கியவர்களுக்கு அது வெறும் வட்டம்.

முதல் அரூப ஓவியத்தை வரைந்தது யார்?

காண்டின்ஸ்கி என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. சுவீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906இலேயே தொடங்கிவிட்டார். ஆவிகளோடு பேசும் அமர்வுகளில் கிடைத்த கட்டளைப்படி வரைவதாக நம்பினார். தான் இறந்து 20 ஆண்டுகள்வரை அவற்றைக் காட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். யார் முதல் என்ற போட்டியில் எனக்கு ஆர்வமில்லை. 1907இல் அவர் வரைந்த ‘பத்துப் பெரியவை’ ஒவ்வொன்றும் 3 மீட்டருக்கு மேல் உயரம். ஆவி சொன்னதோ இல்லையோ, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் எந்த நீலம் நிற்கும் என்று கை முடிவு செய்திருக்கிறது.

எனக்கும் இப்படி வரைய ஆசை. எங்கே தொடங்குவது?

‘எனக்குள் இருக்கும் உணர்ச்சியை வரைகிறேன்’ என்று மட்டும் தொடங்காதீர்கள், தாளில் சகதிதான் மிஞ்சும். நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தையோ பொருளையோ எடுத்துக்கொள்ளுங்கள்: மழை ஊறிய மதில், மீன் சந்தையின் ஈரத்தரை, பாட்டியின் சுங்குடிப் புடவை. புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நாள் கழித்து நினைவில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். மதிலில் பாசி நிற்கலாம், செங்கல் நிற்காது. நின்றதை மட்டும் வையுங்கள்.

வண்ணங்களை இரண்டு, கூட வெள்ளை என்று சுருக்கிக்கொள்ளுங்கள். வண்ணப்பெட்டி முழுவதையும் திறந்தால் பழுப்புத்தான் வரும். சின்னத் தாளில் மணிக்கட்டு மட்டும் அசையும். பெரிய தாளில் தோள் அசையும், கோடு வேறாகிவிடும். படத்தைத் திருப்பியும் பாருங்கள். ஒருநாள் மாலை பக்கவாட்டில் சாய்த்துவைத்திருந்த தன் படத்தையே அடையாளம் தெரியாமல் பார்த்துக் காண்டின்ஸ்கி அசந்து நின்றாராம். ஒரே விஷயத்தைப் பல தாள்களில் செய்யுங்கள். முதல் சிலவற்றில் நீங்கள் வேறு எங்கோ பார்த்த படங்கள்தான் வெளியே வரும். அவை தீர்ந்த பிறகு வருவதைக் கவனியுங்கள்.

ஓவியர் நேரில் கிடைத்தால் என்ன கேட்கலாம்?

‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள். அதைவிட, எந்த நிறத்தை முதலில் வைத்தீர்கள், எதை அழித்தீர்கள், முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். ஆள் மலர்ந்துவிடுவார். பின்கதை தானாக வரும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கிய கிராமம் இருக்கிறது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் வாங்கிய நிலம் அது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் ஓவியர்களை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாடமியில் இளைஞர்களின் கண்காட்சிகள் அடிக்கடி நடக்கும். தொடக்க விழா அன்று போகாதீர்கள், கூட்டத்தில் படம் தெரியாது. சாதாரண நாளில் மதியத்துக்குமேல் போனால் பல சமயம் ஓவியரே மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.